மண்டை டெஸ்ட்

ஜூலை 14, திங்கள்

கேம்ப்புக்கு வந்தாச்சு. செங்கல்பட்டு தாண்டி ஒரு காலேஜ் கிரவுண்டு, பக்கத்துலயே ஹாஸ்டல். மதியம் மீட்டிங்ல, மனசுக்குப் பயிற்சி குடுக்குறவங்கன்னு ஒரு மேடத்தக் கூட்டியாந்தாங்க. அவங்க ஆளுக்கொரு நோட்டு குடுத்து, தினமும் எழுதுங்க, பயமோ கோவமோ என்ன தோணுதோ எழுதுங்க, நாங்க யாரும் படிக்க மாட்டோம்னாங்க. படிக்காத நோட்டுக்கு அட்டைல பேரு, ஜெர்சி நம்பர்லாம் எதுக்குன்னு தெரியல. பேர எழுதிட்டேன். நம்பர எழுதல.

நம்பர் இன்னும் குடுக்கலியே. நான் தாமோதரன், எல்லாருக்கும் தாமு. கோல்கீப்பர். வயசு முப்பத்திரண்டு, ஏரியா வியாசர்பாடி. ரெண்டு சீசனா இந்த ஃபுட்பால் கிளப்போட ஒண்ணாம் நம்பர் ஜெர்சி என் முதுகுலதான் இருந்துச்சு. இந்த வருஷம் இன்னொரு கிளப்புலேர்ந்து ஜெரால்டுனு ஒருத்தன வாங்கியாந்துட்டாங்க. ராயபுரத்துப் பையன், இருபத்தாறு வயசு, என்னைவிட நாலு விரல்கட ஒசரம். ஹெட் கோச் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார்: கோலி எடம் காலி, மூணு பிராக்டீஸ் மேட்ச் இருக்கு, அதுல யாரு நல்லா நிக்கிறானோ அவன்தான் சீசன் முழுக்க.

ஃபார்வர்டு ஆடுறவனுக்கு எடம் போச்சுன்னா சைடுல ஆடுவான், இல்லாங்காட்டி கடைசி இருவது நிமிஷம் எறங்குவான். கோலிக்கு அப்படி இல்ல. ஒருத்தன் போஸ்ட்டுக்கு நடுவுல நிப்பான், இன்னொருத்தன் பெஞ்சில குந்திக்கினு இருப்பான். முப்பத்திரண்டுல பெஞ்சில குந்துனவன அடுத்த வருஷம் எவனும் கூப்பிட மாட்டான். எனக்கு பந்து புடிக்கிறதத் தவிர ஒரு மண்ணும் தெரியாது.

போன மார்ச்ல கார்னர் பந்தப் புடிக்க எகிறுனப்போ எதிர் டீம்காரன் முட்டி காதுக்கு மேல பட்டுச்சே, அதப் பத்தி மேடம் தனியா கேட்டாங்க. எழுத ஒண்ணும் இல்ல. பத்து நாள்ல எறங்கி ஆடிட்டேன். பயம்லாம் கெடயாது.

ஜூலை 16, புதன்

இன்னிக்கு மண்டை டெஸ்ட். டாக்டருங்க அதுக்கு ஏதோ பெரிய பேரு வெச்சிருக்காங்க, நாங்க வெச்ச பேரு இதுதான்.

கம்ப்யூட்டர் முன்னாடி குந்த வெப்பாங்க. பன்னெண்டு வார்த்தை காட்டி, கொஞ்ச நேரம் கழிச்சு எதெல்லாம் வந்துச்சுன்னு கேப்பாங்க. கலர் மாறுனா பட்டன் அமுக்கணும். அந்த மார்க்க எடுத்து வெச்சுக்குவாங்க. சீசன்ல எவனுக்காவது தலையில அடிபட்டா திரும்ப அதே டெஸ்ட். மார்க்கு பழைய மார்க்கவிட எறங்கியிருந்தா ஆட உடமாட்டாங்க, அது மேல ஏறி வர்ற வரைக்கும் பெஞ்சுதான்.

அதுக்குத்தான் ஆட்டக்காரங்க நாங்க ஒரு வழி வெச்சிருக்கோம். சீசனுக்கு முன்னாடி எழுதுறப்பவே வேணும்னே தப்பு தப்பா போட்டுடுறது. தொண்ணூறு எடுக்குறவன் அறுபதுல நிறுத்திக்குவான். அப்பால அடிபட்டு மண்டை கலங்கிக் கெடந்தாலும் அறுபது வந்துடும், டாக்டர் கையெழுத்துப் போட்டு உட்டுடுவாங்க. போன வருஷம் நான் கணக்கா அறுபத்திமூணுல நிறுத்தி வெச்சிருந்தேன். மார்ச்ல என்னைப் பத்தாம் நாள் எறக்கி உட்டது அந்த அறுபத்திமூணுதான்.

காலைல நாஸ்டா லைன்ல ஜெரால்டு பின்னாடி நின்னுக்கினு இருந்தான். அவன் பழைய கிளப்புல இந்த டெஸ்டே கெடயாதாம். ஒழுங்கா எழுதணும்னு பயந்துக்கினு இருந்தான். சீனியர்ங்கிற உதாருல நாந்தான் காதுல ஓதுனேன். எத்தன வார்த்தைய உடணும், பட்டன எப்ப லேட்டா அமுக்கணும், எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தேன். தேங்க்ஸுண்ணான்னு என் தட்டுல ஒரு வடைய எடுத்து வெச்சான். அறுபத்தொண்ணு வாங்கியிருக்கான். நல்ல ஸ்டூடண்ட்டு.

நான் இந்த வருஷம் ஒழுங்கா எழுதுனேன். சும்மாதான். எவ்ளோ வருதுன்னு பாக்கலாமேன்னு.

ஐம்பத்தேழு.

அறுபதுக்குக் கீழ போனா வேணும்னே தப்பா போட்டான்னு சந்தேகம் வந்துடும். டாக்டர் ஹேமாவதி என்னை மட்டும் கூப்பிட்டு கண்ணாடிய எறக்கிப் பாத்தாங்க. இந்த வேலையெல்லாம் என்கிட்ட வேணாம் தாமோதரன், போங்க, ஒழுங்கா எழுதிட்டு வாங்கன்னாங்க. ரெண்டாந்தடவை எழுதுனேன். பல்லக் கடிச்சுக்கினு எழுதுனேன். ஐம்பத்திநாலு. அவங்க தலையில அடிச்சுக்கினு, உங்களத் திருத்த முடியாது, என்னமோ பண்ணுங்கன்னு ஃபைல மூடிட்டாங்க. நானும் சிரிச்சேன். ரூமுக்கு வந்தப்பால பனியன் முதுகோட ஒட்டிக்கினு இருந்துச்சு.

ஜூலை 17, வியாழன்

தூக்கம் சரியில்ல. ஃபேன் சத்தம்.

ஜூலை 19, சனி

கோலிங்க பொழப்பு ஒரு தினுசு. ஒரே எடத்துக்கு அடிச்சுக்குற ரெண்டு பேரும் தினமும் ஒருத்தனுக்கொருத்தன் பந்து அடிச்சுக் குடுத்தாத்தான் ரெண்டு பேருமே தேறுவோம். மேட்ச் அன்னிக்கும் பெஞ்சில குந்தப் போறவன்தான் ஆடப் போறவனுக்கு பந்து அடிச்சு சூடேத்தணும். ஒரு வாரம் போதும், அவன் எந்தப் பந்துக்குத் தடுமாறுவான்னு பொண்டாட்டிக்குத் தெரியாதது நமக்குத் தெரிஞ்சுடும்.

இடது பக்கம் ஒசரமா வர்ற பந்து எனக்கு லேட்டாதான் தெரியுது. புது பந்து, காத்துல ஆடுது. மாஸ்டர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். ஆண்ட்ரூஸ் மாஸ்டர் எங்க கோலி கோச், எழுவது வயசு ஆளு மாதிரி நடப்பாரு, கண்ணு மட்டும் கழுகுக் கண்ணு. மாஸ்டர் பக்கத்துல நிக்கிறப்பல்லாம் ஜெரால்டு எனக்கு வலது பக்கமாவே அடிச்சான். எகத்தாளம் பண்றானோன்னு பாத்தேன். மூஞ்சில அப்படி ஒண்ணும் தெரியல.

ஜூலை 20, ஞாயிறு

லீவு. துணி துவைச்சேன். கிளவுஸ துணி சோப்புல போட்டா உள்ளங்கை ரப்பர் வெறச்சுப் போயிடும், பந்து நிக்காது. கொழந்தைங்களுக்குப் போடுற ஷாம்பூதான் போடணும். மெயின் ரோட்டு வரைக்கும் நடந்து போய் ஒரு பாட்டில் வாங்கியாந்து துவைச்சு நெழல்ல காயப் போட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

சுகந்தி போன் பண்ணுனா. அவங்கம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கண்ணு ஆபரேஷனாம். ஜவுளிக் கடைல ரெண்டு நாள் லீவு சொல்லிட்டாளாம். பஸ்ல இட்டுக்கினு போகாத, ஆட்டோ வெச்சுக்கோன்னேன். நீங்க சாப்ட்டீங்களான்னு மூணு தடவை கேட்டா. பொண்டாட்டிங்களுக்கு வேற கேள்வியே தெரியாது.

ஜூலை 23, புதன்

கிளவுஸ் நாறுது. துவைக்க ஷாம்பூ இல்ல. மெயின் ரோட்டுக்குப் போய் வாங்கியாந்தேன். கடைக்காரர், வீட்ல கொழந்தையான்னு கேட்டு சிரிச்சாரு.

ஜூலை 26, சனி

மொத பிராக்டீஸ் மேட்ச். மொத பாதி நான், ரெண்டாவது பாதி ஜெரால்டு. எனக்கு கோல் விழல. நாலு கார்னர் வந்துச்சு, நாலுக்கும் கோல் லைன விட்டு வெளிய வரல. டிஃபென்ஸ்ல ஆடுற பசங்க, சத்தம் குடுத்துக்கினு வாண்ணா, வெளிய வாண்ணான்னு கத்துனானுங்க. லைன்ல நின்னு புடிக்கிறதும் ஒரு டெக்னிக்தான். அவனுங்களுக்குத் தெரியாது.

ஜெரால்டு ஒவ்வொரு கார்னருக்கும் "கீப்பர்"னு ஒரு சத்தம் குடுத்துக்கினு கூட்டத்துக்குள்ள பூந்து எடுத்தான். நானும் அப்படித்தான் எடுத்துக்கினு இருந்தேன். பெஞ்சிலேர்ந்து பாக்க வயித்தெரிச்சலா இருந்துச்சு, ஒளிவு மறைவு என்னத்துக்கு.

ஜூலை 27, ஞாயிறு

சுகந்திகூட போன்ல சண்டை. அம்மாவுக்கு கட்டு பிரிச்சாச்சு, நல்லா தெரியுதாம்னா. என்ன கட்டு, எப்ப ஆபரேஷன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேன்னு கேட்டேன். அதுக்கு அவ, விளையாடாதீங்கன்னா. அவ சொல்லவே இல்ல. கடைல நின்னு நின்னு அவளுக்கு மறதி ஜாஸ்தியாய்டுச்சு.

ஜூலை 28, திங்கள்

கிளவுஸ் துவைக்க ஷாம்பூ வாங்கணும்னு போய் வாங்கியாந்தேன். அலமாரில வெக்கிறப்போ ஜெரால்டு பாத்துட்டு, இன்னாண்ணா, கடை போடப் போறியான்னு கலாய்ச்சான். ஆஃபர்ல போட்டிருந்தான்டான்னேன்.

ஆகஸ்ட் 2, சனி

ரெண்டாவது மேட்ச். இந்தத் தடவை மொத பாதி அவன். முப்பதாவது நிமிஷம் வாக்குல கார்னர். "கீப்பர்"னு கத்திக்கினு கரெக்டாதான் வந்தான், பந்தையும் குத்திட்டான். எதிர் டீம்ல ஒரு கடோத்கஜன் இருந்தான், அவன் தோள்பட்ட ஜெரால்டு தாடைல ஏறிடுச்சு. கீழ விழுந்தவன் கை ரெண்டும் மேல தூக்குனபடியே நின்னுடுச்சு. அஞ்சு செகண்டு இருக்கும். அப்பால எழுந்தான். ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்லன்னான். மாஸ்டர் வெளிய கூப்ட்டுட்டாரு.

நான் கிளவுஸ் மாட்டிக்கினு எறங்குனேன். எறங்குறப்போ மனசுல மொதல்ல வந்தது சந்தோஷம்தான். தூ, இத எழுதறதுக்கே அசிங்கமா இருக்கு. எறங்குன பத்தாவது நிமிஷம் இடது பக்கத்துலேர்ந்து ஒரு பந்து தூக்கி உட்டானுங்க, லைன்லயே நின்னேன், ஒருத்தன் தலையால முட்டி உள்ள போட்டுட்டான்.

டிரஸ்ஸிங் ரூம்ல ஜெரால்டு ஸ்கோர் இன்னான்னு கேட்டான். ஒண்ணு-ஒண்ணுன்னேன். ஷூவ கழட்டிட்டு, ஸ்கோர் இன்னாண்ணான்னான். சொன்னேன். தலைல தண்ணி ஊத்திக்கினு வந்து திரும்பக் கேட்டான். மூணாந்தடவையும் சொன்னேன். மார்ச்ல எனக்கும் எவனோ ஒருத்தன் இப்படித்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஜெரால்டுக்கு மண்டை டெஸ்ட். அறுபது வாங்கியிருக்கான். முன்ன வாங்குனது அறுபத்தொண்ணு. டாக்டர் ஒரு மார்க்குதானே, தலைவலி இல்லாங்காட்டி நாளைலேர்ந்து மெதுவா ஓடலாம், வெள்ளிக்கிழமை பந்து புடிக்கலாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. இவன்தான் தலைவலியே இல்லன்னு சத்தியம் பண்றானே.

சாயங்காலம் ரூமுக்கு வந்து என் தோள்ல கை போட்டு, நீ சொல்லிக் குடுத்தது காப்பாத்திடுச்சுண்ணான்னான். கூலிங் கிளாஸ் போட்டிருந்தான், ரூமுக்குள்ள. டியூப் லைட்ட அணைக்கச் சொன்னான். கொஞ்ச நேரத்துல பாத்ரூம் போய் வாந்தி எடுத்தான். மெஸ்ல மீன் சரியில்லன்னான். நானும் அதே மீனத்தான் துன்னேன்.

டாக்டர்கிட்ட சொல்லலாம். அந்த அறுபத்தொண்ணு பொய்யி, நாந்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லலாம். சொன்னா அவன் வெளிய, எடம் எனக்கு. எடத்துக்காக போட்டுக் குடுத்துட்டான் தாமுன்னு மெட்ராஸ்ல இருக்குற அத்தன கிரவுண்டுலயும் பேசுவானுங்க. அது மட்டும் இல்ல. பொய் மார்க்கப் பத்திப் பேச்செடுத்தா, உன்னுது எவ்ளோன்னு கேப்பாங்க.

நாளைக்குப் பாத்துக்கலாம்.

ஆகஸ்ட் 6, புதன்

சொல்லல.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்னிக்கு அவனுக்கு பந்து அடிச்சுக் குடுக்க வேண்டியது நான்.

இருவது கஜத்துலேர்ந்து அடிக்கணும். கால் போவ மாட்டேங்குது. தரையோட தரையா, கொழந்தைக்கு உருட்டுற மாதிரி உருட்டுனேன். மாஸ்டர் சுத்தி வந்து, இன்னாடா, காம்பெடிஷன்னு பயந்து அவனுக்கு பிராக்டீஸ் குடுக்காம டபாய்க்கிறியான்னு திட்டுனாரு. அவர் நவுந்தப்பால ஜெரால்டு கிட்ட வந்தான்.

"ண்ணா, நீ இப்படி அடிச்சா நான் ரெடி இல்லன்னு நெனச்சு ஒக்கார வெச்சிடுவாங்க. நல்லா அடி. தலைக்கு அடி."

அடிச்சேன். மொத ரெண்டு பந்து புடிச்சான். மூணாவது அவன் வலது பக்கம் போச்சு, அவன் இடது பக்கம் திரும்புனான். பந்து தோள்ல பட்டு போஸ்ட்டுக்குப் போச்சு. சிரிச்சான். வெயிலு கண்ணுல அடிக்குதுன்னான். மேகமூட்டம், காலைலேர்ந்து வெயிலே இல்ல. நான் இன்னும் பதினேழு பந்து அடிச்சேன். ஒவ்வொண்ணுக்கும் காலத் தூக்குறப்போ, கடவுளே தலைல படக்கூடாதுன்னு வேண்டிக்கினேன். வேண்டிக்கினு அடிக்கிறவன் என்னை மாதிரி ஒருத்தன் இருப்பானா.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜெரால்டு அடிபட்டு எத்தன நாள் ஆச்சுன்னு கணக்குப் பாக்க நோட்டப் பின்னாடி திருப்புனேன். திருப்புனவன் அப்படியே படிச்சுக்கினே போய்ட்டேன்.

இருவதாந்தேதி ஷாம்பூ. இருவத்திமூணு ஷாம்பூ. இருவத்தெட்டு ஷாம்பூ. எழுந்து போய் அலமாரியத் தொறந்தேன். மூணு பாட்டில். ரெண்டு பிரிக்கவே இல்ல.

இருவத்திரண்டாந்தேதி சுகந்தி சொன்னதா என் கையெழுத்துல இருக்கு. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ஆட்டோ வெச்சுக்கோன்னு நான் சொன்னதா இருக்கு. அந்த போன் எனக்கு ஞாபகமே இல்ல. எவ்ளோ யோசிச்சும் வரல. வேற எவனோ என் நோட்டுல எழுதிட்டுப் போன மாதிரி இருக்கு.

பயமா இருக்கு. போதும், இனி உதார் என்னத்துக்கு. மார்ச்லேர்ந்து பயமாதான் இருக்கு. கார்னர் வர்றப்போ லைன்ல நிக்கிறது டெக்னிக் இல்ல, பயம். இடது பக்கம் வர்ற பந்து ரெண்டாத் தெரியுது, அதான் லேட்டாகுது. டெஸ்ட்ட ஒழுங்கா எழுதுனதும் சும்மா இல்ல. எனக்கு ஒண்ணும் இல்லன்னு நம்பறதுக்காக எழுதுனேன். ஐம்பத்தேழு வந்துச்சு.

சுகந்திக்கு போன் போட்டு, அன்னிக்குக் கத்துனதுக்கு மன்னிச்சுக்கோன்னேன். அவ அழுதா. மார்ச்லேர்ந்தே ஒரு விஷயத்த ரெண்டு ரெண்டு தடவை சொல்றீங்க, கேட்டா கோவப்படுறீங்கன்னு நான்தான் வாய மூடிக்கினு இருந்தேன்னா.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மூணாவது மேட்ச்சுக்கு முன்னாடியே முடிவு சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை கடைசி பிராக்டீஸ் மேட்ச், முழுசா ஜெரால்டு. சீசனுக்கும் அவன்தான். ஹெட் கோச் என்னைத் தனியா கூப்ட்டு, நீ லைன விட்டு வெளிய வர மாட்டேங்குற தாமு, எனக்கு வெளிய வர்ற கோலி வேணும்னாரு. தலையாட்டுனேன். நியாயம்தானே.

ஒண்ணாம் நம்பர் ஜெர்சிய எல்லார் முன்னாடியும் ஜெரால்டு கைல குடுத்தாங்க. அவன் நேரா என்கிட்ட வந்து, கோச்சுக்காதண்ணான்னான். கோச்சுக்கலடான்னேன். மேட்ச் என்னிக்குன்னான். வியாழக்கிழமைன்னேன். ரூமுக்கு நடந்து போறப்போ, மேட்ச் என்னிக்குண்ணான்னான்.

அஞ்சாந்தேதியே சொல்லித் தொலைச்சிருக்கணும். அப்ப சொல்லியிருந்தா போட்டுக் குடுத்தவன்னு மட்டும்தான் பேசியிருப்பானுங்க. இப்ப சொன்னா தோத்துப் போனவன் வயித்தெரிச்சல்ல பேசறான்னு ஆயிடும், எவனும் நம்ப மாட்டான். நான் சொல்லாங்காட்டி நாளன்னிக்கு அவன் "கீப்பர்"னு கத்திக்கினு கூட்டத்துக்குள்ள பூருவான். ஒரு அடி வாங்குன மண்டைல ஆறறதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தா என்ன ஆகும்னு மார்ச்ல டாக்டர் எனக்கு வெளக்கியிருக்காங்க. அது மட்டும் மறக்க மாட்டேங்குது.

ஆகஸ்ட் 13, புதன்

காலைல மொதல்ல ஜெரால்டுகிட்டதான் போனேன். நீயே போய் டாக்டர்கிட்ட சொல்லிடுடா, நானும் கூட வரேன்னேன். கட்டில்ல குந்திக்கினு ஜெர்சிய மடியில வெச்சிருந்தான். என்னை நிமிந்துகூட பாக்கல.

"எடம் போனதும் என் மேல அக்கறை வந்துடுச்சாண்ணா?"

அவன் சொன்னதுல தப்பு கண்டுபுடிக்க முடியல. அப்படியே டாக்டர் ரூமுக்குப் போனேன். பதினாலு வருஷமா பெனால்டிக்கு நிக்கிறேன், இப்படி பயந்தது இல்ல.

ஜெரால்டு மார்க்கு பொய்யி டாக்டர், நாந்தான் சொல்லிக் குடுத்தேன், அவனுக்கு வாந்தி, வெளிச்சம் ஆவல, எறக்காதீங்கன்னு ஒரே மூச்சுல சொன்னேன். டாக்டர் ஹேமாவதி பேனாவ வெச்சுட்டு என்னையே பாத்தாங்க.

"லிஸ்ட் நேத்துதான் போட்டாங்க. நீங்க இன்னிக்கு வந்து சொல்றீங்க. நான் இத எப்படி எடுத்துக்கறது தாமோதரன்?"

இப்படிக் கேப்பாங்கன்னு தெரியும். ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு யோசிச்சதுல ஒரே ஒரு வழிதான் இருந்துச்சு. எனக்கும் எடம் கெடைக்காதுன்னு ஆனாத்தான் நான் சொல்றத நம்புவாங்க.

"என் மார்க்கு பொய்யி இல்ல டாக்டர். ஐம்பத்தேழு, ஐம்பத்திநாலு. ரெண்டு தடவையும் ஒழுங்காதான் எழுதுனேன். என்னால முடிஞ்சது அவ்ளோதான்."

அவங்க ஃபைலத் தொறந்து போன வருஷத்து மார்க்கப் பாத்தாங்க. அது நடிச்சதான்னு கேட்டாங்க. ஆமான்னேன். இடது பக்கம் ரெண்டாத் தெரியற பந்து, ஷாம்பூ, சுகந்தி, எல்லாத்தையும் சொன்னேன். நடுவுல மெதுவா, இன்னிக்கு என்ன தேதின்னு கேட்டாங்க. காலைல இந்த நோட்டுல நானே எழுதுன தேதி. வாய்க்கு வரல. அவங்க கண்ணாடியக் கழட்டி மேசைல வெச்சுட்டு, நான்தான் உங்களை அன்னிக்கு ஃபைல மூடி அனுப்பியிருக்கக் கூடாதுன்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு.

ஜெரால்ட வரச் சொன்னாங்க. கம்ப்யூட்டர் இல்ல. கண்ண மூடிக்கினு ஒத்தக் கால்ல நிக்கச் சொன்னாங்களாம். இடது பக்கமா சாஞ்சு அலமாரி மேல விழுந்தானாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ரெண்டு பேர் பேரையும் எடுத்துட்டாங்க. ஜூனியர் டீம்லேர்ந்து ஒரு கோலிய இட்டாந்து எறக்குனாங்க. மூணு கோல் வாங்குனான். டீம்ல எவனும் என்கூட பேசல. மெஸ்ல நான் போய் குந்துன டேபிள்லேர்ந்து ரெண்டு பேர் எழுந்து போனானுங்க. மாஸ்டர் மட்டும் பக்கத்துல வந்து குந்துனாரு. சாம்பார் சாதத்தத் துன்னுட்டு எழுந்து போய்ட்டாரு.

ஜெரால்டு பைய தூக்கிக்கினு கிளம்புறப்போ என் ரூம் வாசல்ல நின்னான். அழுது அழுது மூஞ்சி வீங்கிப் போயிருந்துச்சு.

"சொல்லிக் குடுத்தவனும் நீ. காட்டிக் குடுத்தவனும் நீ. இனிமே என் மூஞ்சில முழிக்காத."

சரிடான்னேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஸ்கேன் எடுத்தாங்க. இந்த சீசன் கெடயாது. அப்பால பாக்கலாம்னாங்க. அப்பாலன்னா என்னன்னு எனக்குத் தெரியும். சுகந்தி பக்கத்துல இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கினா. வர்ற வழியெல்லாம் என் கைய உடல.

வீடு வந்து சேந்தோம். பந்து இல்லாம காலைல ஆறு மணிக்கு என்ன பண்றதுன்னு தெரியல. மாடில துணி காயப் போட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஜெரால்டுக்கு ரெண்டு தடவை போன் போட்டேன். எடுக்கல.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலைல பத்தரை மணிக்கு அவனே போன் பண்ணுனான். எடுத்ததும் திட்டுவான்னு காத்துக்கினு இருந்தேன். மூச்சு உடறது மட்டும் கேட்டுச்சு. என்னடான்னேன். வீட்ல எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருக்காங்கண்ணா, நான் தனியா இருக்கேன்னான். அப்பால அடிக்குரல்ல பேசுனான்.

"அடுப்புல பால் வெச்சேனா இல்லையான்னு தெரியலண்ணா. கிச்சன் வாசல்லயே நிக்கிறேன். உள்ள போய் பாக்க பயமா இருக்கு. அம்மாகிட்ட சொன்னா செத்துடும். உன்கிட்டதான் சொல்ல முடியும்."

அவன அப்படியே தெருவுக்கு வந்து வாசப்படில குந்தச் சொன்னேன். அடுப்ப நான் வந்து பாத்துக்குறேன், நீ உள்ள போகாத, போன வெக்காதன்னேன். நீ நெஜமா வருவியாண்ணான்னான். வரேன்டா, எனக்கும் இப்படித்தான் இருக்கு, ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்னேன். அவன் அழுதான். வீடு எங்கன்னு கேட்டேன், சொன்னான். போன் இன்னும் காதுலதான் இருக்கு, ஒரு கையில எழுதறேன்.

சுகந்தி, நானும் வரேன்னு சொல்லி செருப்ப மாட்டிக்கினு ஆட்டோ புடிக்கப் போயிருக்கா. ராயபுரம் நான் பொறந்ததுலேர்ந்து சுத்துன ஏரியா, கண்ணக் கட்டி உட்டாலும் போவேன். இருந்தாலும் எழுதிக்கிறேன். ஆட்டோல ஏறுனதும் இந்தப் பக்கத்தப் பாக்கணும்.

ஜெரால்டு வீடு. சர்ச்சுக்குப் பின்னாடி ரெண்டாவது சந்து. தண்ணி டேங்குக்கு எதுக்க. பச்ச கேட்டு, கீழ் வீடு. வாசப்படில குந்திக்கினு இருப்பான்.